நாலு டிஸ்க் ஃபைல் சர்வருக்கு எந்த எஸ்.எம்.பி.எஸ்.? வண்டன்மேட்டுக் கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் கல்யாண வீடியோ, போட்டோ வேலை செய்யும் தம்பி ஒருவர், பழைய ஐ3 மதர்போர்டில் நாலு 8 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டு, ட்ரூநாஸ் என்ற மென்பொருளை ஏற்றி, வீட்டிலேயே ஃபைல் சர்வர் வைத்திருக்கிறார். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி, கேபினெட்டோடு சேர்ந்து வந்தது, மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது. கரண்ட் போய் வந்து மெஷின் ஆன் ஆகும்போது சில சமயம் மூன்று டிஸ்க்தான் தெரிகிறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் நாலாவதும் வந்துவிடுகிறது. கட்டப்பனைக் கடையில் 750 வாட் கோல்டு சான்றிதழ் எஸ்.எம்.பி.எஸ். வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் அப்பா, ஃபிரிட்ஜுக்கு இருப்பது மாதிரி ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

தம்பி, இரண்டும் வேண்டாம். நல்ல தயாரிப்பில் 450 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, அதற்கு முன்னால் ஒரு யூபிஎஸ், இந்த இரண்டுக்கும் முன்னால் ஒழுங்கான எர்த். நான் கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். கம்பம்மெட்டு ஏறி எஸ்டேட் ஆபீஸ் மெஷின்களையும் பார்ப்பதால் உங்கள் பக்கத்துக் கரண்டின் குணம் ஓரளவு தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்க் ஒன்று செத்தால், தகவலைப் பல டிஸ்க்கில் பகிர்ந்து வைக்கும் ரெய்டு என்ற ஏற்பாடு காப்பாற்றும். ரேம் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டு போனாலும் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு போர்டில் மாட்டினால் ட்ரூநாஸ் அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ளும். ஆனால் நாலு டிஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அந்தக் கேபினெட்டுக்குள் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றுதான். அது கோளாறாகி 12 வோல்ட் லைனில் கூடுதலாகத் தள்ளினால் நாலு டிஸ்க்கின் போர்டும் ஒன்றாகப் போகும், ரெய்டு எதுவும் செய்ய முடியாது. டிஸ்க் போர்டில் இதற்கென்றே டிவிஎஸ் டயோடு என்று ஒரு சின்னப் பாகம் வைத்திருப்பார்கள். வோல்டேஜ் ஏறினால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். எப்போதும் ஜெயிக்காது. அதனால், இந்த ஒரு பாகத்தில் மட்டும் ‘கேபினெட்டோடு ஓசியில் வந்தது’ வேண்டாம்.

இனி வாட் கணக்கு. 3.5 இஞ்ச் டிஸ்க் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது சுமார் 5 வாட், எழுதும்போதும் படிக்கும்போதும் 7, 8 வாட் எடுக்கும். நாலுக்கும் 20 முதல் 30 வாட். போர்டு, சிபியு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஓய்வில் இன்னொரு 25 வாட் வைத்துக்கொள்ளுங்கள். ஆக உங்கள் சர்வர் நாளின் பெரும் பகுதி 50 வாட்டை ஒட்டித்தான் ஓடுகிறது. கஷ்டமான நேரம் ஒன்றே ஒன்று, ஆன் ஆன முதல் பத்துப் பதினைந்து நொடி. பாரம் ஏற்றி நிற்கும் மாட்டுவண்டி முதல் உருளலுக்குத்தான் அதிகம் இழுக்கும். அதுபோல நின்றிருக்கும் டிஸ்க்கின் மோட்டார் வேகம் பிடிக்கும்வரை 12 வோல்ட்டில் ஒன்றரை முதல் 2 ஆம்பியர் வரை கேட்கும். நாலும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர், அதாவது 96 வாட். அதே நொடியில் சிபியுவும் பூட் ஆவதற்கு முழு மூச்சில் ஓடும். எல்லாம் கூட்டினால் 180 வாட் தாண்டாது. உண்மையிலேயே 300 வாட் கொடுக்கிற பெட்டி உங்களுக்குத் தாராளம். 450, 550 என்று நான் சொல்வதற்குக் காரணம், அதற்குக் கீழே நம் கடைகளில் நல்ல சரக்கு அரிது என்பது மட்டும்தான்.

‘அப்படியானால் என்னிடம் இருப்பதும் 450தானே’ என்பீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதில் +12வி என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? கேபினெட்டோடு வரும் பெட்டிகளில் 14, 16 என்று பார்த்திருக்கிறேன். 14 ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் 168 வாட். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இன்றைய மெஷின் அதிகம் தொடாத லைன்களிலும், ஒரு நொடி மட்டும் தாங்கும் உச்சக் கணக்கிலும் ஒளிந்திருக்கும். அந்த 168ஐயாவது நிஜமாகக் கொடுக்குமா என்பது தனிக் கேள்வி. நல்ல 450 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 36, 37 ஆம்பியர் இருக்கும். ஏறக்குறைய மொத்த வாட்டையும் 12 வோல்ட்டிலேயே தரும். கடையில் நின்று வாங்கும்போது மேலட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு இந்த ஒரு கட்டத்தைப் படித்தாலே பாதி மோசடி தெரிந்துவிடும்.

அதே லேபிளில் இன்னொரு வரி இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, மலைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். இன்புட் என்று போட்டு 100–240 வோல்ட் என்றோ 200–240 வோல்ட் என்றோ இருக்கும். இரண்டாவது வகை, விலை குறைந்த மாடல்களில் நிறைய வருகிறது. டவுனில் அது பிரச்சினையே இல்லை. உங்கள் ஊர் வேறு. மாசி, பங்குனியில் ஏலக்காய்ச் செடிக்குத் தண்ணீர் விட மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் 165, 170 வோல்ட் வருவது உங்களுக்குப் புதிதில்லை. மூலமற்றத்தில் 780 மெகாவாட் உற்பத்தி நிலையம் இருக்கிற மாவட்டத்தில் ட்யூப்லைட் கண் சிமிட்டுவது வேடிக்கைதான். ஆனால் உற்பத்தி எவ்வளவு இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடு வரை வரும் நீளக் கம்பியில் இழப்பு இழப்புதான்.

இந்தக் குறைந்த வோல்டேஜுக்கும் உங்கள் நாலாவது டிஸ்க் தெரியாமல் போவதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். உள்ளே வரும் ஏசியை நேராக டிசியாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் வைக்கும். 230 வோல்ட் வந்தால் அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும். 165 வோல்ட்தான் வந்தால் 233தான் நிற்கும். கெபாசிட்டரில் இருக்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கையிருப்பு அங்கேயே பாதியாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நாலு மோட்டாரும் ஒன்றாக இழுத்தால் 12 வோல்ட் லைன் சரியும். ஏதாவது ஒரு டிஸ்க் ‘எனக்குப் போதவில்லை’ என்று பின்வாங்கும். மறுபடி ஆன் பண்ணும்போது டிஸ்க்குகள் பாதி வேகத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால் இழுப்பு குறைவு, நாலும் வந்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற அமைப்பு உள்ள பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. சுவரில் 165 வந்தாலும் 230 வந்தாலும் உள்ளே அது 380 வோல்ட்டைச் சுற்றி ஏற்றி நிறுத்திக்கொள்ளும். 100–240 என்று போட்டிருக்கிற பெட்டிகளில் இன்று இந்த அமைப்பு அநேகமாக இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன், கோளாறு எஸ்.எம்.பி.எஸ்ஸில்தானா என்று உறுதி செய்துகொள்ளலாம், காசு செலவில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 12ஆம் எண் பவர் சைக்கிள் கணக்கு. நாலு டிஸ்க்கும் ஒரே நாளில் மாட்டியவை என்றால் நாலிலும் கிட்டத்தட்ட ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எகிறி நின்றால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டிஸ்க்குக்குக் கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். கனெக்டரோ கேபிளோ லூஸாக இருக்கலாம். 192ஆம் எண்ணும் துணைக்கு வரும், திடீரென்று கரண்ட் போய் ஹெட்டை அவசரமாக ஒதுக்கிய கணக்கு அது. 199 ஏறினால் அது பெரும்பாலும் டேட்டா கேபிள் சமாசாரம், எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திட்ட வேண்டாம். அப்புறம் மல்ட்டிமீட்டர். காலியாக இருக்கும் மோலக்ஸ் என்ற நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்துக்கொண்டு மெஷினை ஆன் பண்ணுங்கள். டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேலே ஏறக் கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75 முதல் 5.25 வரை. மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டினாலும் பெட்டி நல்லது என்று சொல்லிவிட முடியாது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும். டிசிக்கு மேல் ஏறி ஆடும் ரிப்பிள், மில்லி நொடியில் வந்து போகும் சரிவு இதையெல்லாம் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். 12 வோல்ட்டில் ரிப்பிள் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் என்று, இந்தப் பெட்டிகளுக்கான ஏடிஎக்ஸ் விதி எல்லை வைத்திருக்கிறது. நம்மால் அளக்க முடியாததை, அளந்து எழுதியிருக்கும் விமர்சனங்களில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்டியைப் பிரித்து, லோடு போட்டு, ஸ்கோப் படம் காட்டும் விமர்சனத்தை மட்டும் நம்புங்கள். அட்டையைப் பிரித்து ‘லுக் சூப்பர்’ என்கிறவர்களை விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் சொன்ன கோல்டு என்பது 80 பிளஸ் சான்றிதழில் ஒரு படி. அவர் சொன்னதில் பாதி சரி. 2004இல் தொடங்கிய சான்றிதழ் அது. வெள்ளை, பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று படி வைத்து, வாங்கும் கரண்டில் எத்தனை சதவீதம் வீணாகாமல் வெளியே வருகிறது என்று சொல்கிறது. அவ்வளவுதான். கெபாசிட்டர் நல்லதா, ஃபேன் எத்தனை வருடம் தாங்கும், ஓவர்வோல்டேஜ் வந்தால் அணையுமா, எதையும் அது சொல்வதில்லை. தவிர, டைட்டானியத்தைத் தவிர மற்ற எல்லாப் படிக்கும் 20 சதவீத லோடுக்குக் கீழே சோதனையே கிடையாது. 750 வாட் பெட்டியில் உங்கள் 50 வாட் வெறும் 7 சதவீதம். அந்த இடத்தில் கோல்டு என்ற சொல்லுக்கு உத்தரவாதம் இல்லை. 450இல் அதே 50 வாட் 11 சதவீதம், கொஞ்சம் பரவாயில்லை.

மின்கட்டணத்தில் மிச்சமாகுமே என்பார்கள். போட்டுப் பார்ப்போம். உள்ளே 50 வாட் வேண்டும். 80 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 62.5 வாட், 85 சதவீதத்தில் 58.8 வாட். வித்தியாசம் 3.7 வாட். வருடம் முழுக்க ஓடினால் 32 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் வைத்தால் 225 ரூபாய். இதற்காகக் கோல்டு வாங்காதீர்கள். கோல்டு மாடல்களில் பொதுவாக உள்ளிருக்கும் சரக்கும் நன்றாக இருக்கும், வாரண்டியும் நீளம். அதற்காக வாங்கினால் நியாயம். நல்ல பிரான்ஸ் ஒன்று மோசமான கோல்டை விட உங்கள் டிஸ்க்குக்குப் பாதுகாப்பு.

நல்ல சரக்கு என்றால் என்ன பார்ப்பது? கெபாசிட்டர்கள் 105 டிகிரி தரமாக இருக்க வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி சூடு குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. அந்த வகையில் கம்பத்தில் இருக்கிற எங்களை விட மலையில் இருக்கிற உங்களுக்கு லாபம். நிப்பான் கெமிகான், ரூபிகான், நிச்சிகான் போன்ற ஜப்பான் சரக்கு என்றால் விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் 12இலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கும் டிசி-டிசி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையில் 12உம் 5உம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும், ஒரு பக்கம் லோடு கூடினால் மறுபக்கம் வோல்டேஜ் எகிறும். டிஸ்க் இரண்டிலிருந்துமே இழுப்பதால் நமக்கு அது ஆகாது. பாதுகாப்பில் ஓவர்வோல்டேஜ், ஓவர்கரண்ட், ஷார்ட் சர்க்யூட், அதிகச் சூடு நாலுக்கும் அணையும் என்று எழுதியிருக்க வேண்டும். லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் மாடல்கள் இப்போது ஃபேஷன். 24 மணி நேரமும் ஓடும் பெட்டிக்கு எனக்கு அது பிடிக்காது. உங்கள் 50 வாட்டில் அந்த ஃபேன் சுற்றவே சுற்றாது, டிஸ்க்கின் சூடு போகவும் வழி குறையும். அந்த வசதியை அணைக்கும் பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேனின் சத்தம் ஆடி மாதக் காற்றில் யாருக்கும் கேட்காது.

பிராண்டை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சீசானிக் போலச் சொந்தமாகத் தயாரிப்பவர்களும் உண்டு, வேறு தொழிற்சாலையில் செய்து வாங்கித் தன் பெயர் ஒட்டுபவர்களும் உண்டு. ஒரே பிராண்டில் ஒரு சீரிஸ் அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருப்பது சாதாரணம். தேட வேண்டியது மாடல் எண்ணை. வாரண்டி 5 வருடத்துக்குக் குறைந்தால் யோசியுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். வாரண்டிக்கு அனுப்ப வேண்டியது கொச்சிக்கா மதுரைக்கா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், கூரியர் செலவு உங்கள் தலையில்தான். பழைய எஸ்.எம்.பி.எஸ். மலிவாகக் கிடைக்கிறதே என்றால், மற்ற எதையும் பழசு வாங்குங்கள், இதை வேண்டாம்.

கேபிள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். என்றால் கேபிளைக் கழற்றி மாட்டலாம். ஆனால் ஒரு பெட்டியின் கேபிளை இன்னொன்றில் மாட்டக் கூடாது. டிஸ்க் பக்கம் சாக்கெட் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பெட்டிப் பக்கம் பின் வரிசையைக் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல், மாற்றி வைத்திருப்பார்கள். சொருகினால் சேரும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் நாலு டிஸ்க்கும் ஒரு நொடியில் புகையும். பெட்டியை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டு மாற்றலாம் என்ற சோம்பல் எத்தனையோ பேரின் கல்யாண ஆல்பத்தைத் தின்றிருக்கிறது. இன்னொன்று, மோலக்ஸிலிருந்து டிஸ்க்கின் சாட்டா சாக்கெட்டுக்கு மாற்றும் மலிவான அடாப்டர். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய வகையில் உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த கதைகள் உண்டு. அது வேண்டவே வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர், ஆக நாலரை ஆம்பியர்தான் கணக்கு. ஒரு கனெக்டரிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டு நாலு டிஸ்க்கை ஓட்டினால் ஆன் ஆகும் நேரத்தில் எல்லை தாண்டுகிறது. பெட்டியிலிருந்து வரும் இரண்டு தனி கேபிளில் இரண்டிரண்டாகப் பிரித்து மாட்டுங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைப் பிரித்தெடுத்து உள்ளே மாட்டியிருந்தால், புது எஸ்.எம்.பி.எஸ்ஸில் அது சுற்றவே மறுக்கலாம். பயப்படாதீர்கள். புதிய சாட்டா விதியில் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் ‘அணை’ என்று அர்த்தம். அந்தப் பின் மேல் காப்டான் என்ற, கரண்ட் கடத்தாத டேப் ஒரு துணுக்கு ஒட்டினால் ஓடும்.

இப்போது சுவருக்கு வருவோம். மீட்டரை ஏசியில் வைத்து பிளக் பாயிண்டில் மூன்று அளவு எடுங்கள், தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவோ, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். அங்கே 20, 30 என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ சரியில்லை. கேபினெட்டின் வர்ணம் போன இடத்தைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குப் போட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் பாடியிலேயே பாதி வோல்டேஜ் நிற்கும். பாறை மண்ணில் எர்த் பிடிப்பது கஷ்டம், வெயில் காலத்தில் இன்னும் மோசம். குழியில் கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கியிருந்தால் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை மறக்காதீர்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் பண்ணி வைத்திருக்கிற வீடுகளும் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

குறைந்த வோல்டேஜை நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாங்கிவிடும், கொல்வது கூடுதல் வோல்டேஜ். காற்றில் மரம் விழுந்து மின்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், உங்கள் வீடும் பக்கத்து பேஸில் இருக்கும் வீடும் தொடராக மாட்டிக்கொண்டு 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போடும். லோடு குறைவாக இருக்கும் வீட்டுக்குப் பெரும் பங்கு. 350 வோல்ட் ஏசி வந்தால் உச்சம் 495. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் தாங்குவது 400 முதல் 450 வரைதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் அங்கே வெடிக்கும். பல்பு சில திடீரென்று பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள், பிறகு மின்வாரியத்தின் 1912க்குச் சொல்லுங்கள். இதற்குத் தீர்வு, ஹை வோல்டேஜ் வந்தால் துண்டித்து, சரியான பிறகு சில நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுக்கும் ஒரு வோல்டேஜ் புரொடெக்டர். மெயின் போர்டில் வைக்கலாம். ஸ்டெபிலைசரை விட உங்களுக்கு இது முக்கியம். ஸ்டெபிலைசர் ரிலேயை மாற்றி மாற்றி அடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன இடைவெளி விழும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸருக்கு அது ஒன்றுமில்லை. 100–240 தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்பாவிடம் பதமாகச் சொல்லுங்கள்.

இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவதை விடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. மெயின் போர்டில், திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் வைக்கலாம், ஆனால் எர்த் சரியில்லாமல் அது வெறும் அலங்காரம். பவர் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் மறப்பது லேன் கேபிளை. ஃபைபரில் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்றாலும், மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டும் கேபிளில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதை வீட்டுக்குள் மோடம் வரை இழுத்து வராமல் வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

யூபிஎஸ். 600 விஏ லைன் இன்டராக்டிவ், அதாவது கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் வகை, ஒன்று போதும், 50 வாட்டுக்கு அதன் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி புதிதாக இருக்கும்போது ஒழுங்காக மூடிக்கொள்ளத் தேவையானதை விட அதிகமாகவே நேரம் கொடுக்கும். வாங்கும்போது யூஎஸ்பி போர்ட் உள்ளதா என்று பாருங்கள். இல்லாத யூபிஎஸ், நீங்கள் வீட்டில் இல்லாதபோது பேட்டரி தீர்ந்து பொத்தென்று அணைவதைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. யூஎஸ்பி இருந்தால் ட்ரூநாஸிலேயே இருக்கும் நட் என்ற சேவையை இயக்கி, கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆனால் தானே ஷட்டவுன் ஆகச் சொல்லலாம். ஏடிஎக்ஸ் எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் 16, 17 மில்லி நொடி இடைவெளியைச் சமாளிக்க வேண்டும் என்பதே பல வருடம் விதியாக இருந்தது. இந்த வகை யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லி நொடிக்குள்தான் எடுக்கும். உங்கள் லோடு மிகக் குறைவு என்பதால் இன்னும் சௌகரியம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பின்னால் யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று சுவிட்ச் இருக்கும், நார்மலில் மாறும் இடைவெளி நீளம். அப்புறம் அது ப்யூர் சைன் வேவா, அதாவது லைன் கரண்ட் மாதிரியே சீராக ஏறி இறங்கும் கரண்டைத் தருகிறதா என்பது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்.எம்.பி.எஸ். சில சமயம் முரண்டு பிடித்து அணைந்துவிடும். எஸ்டேட் ஜெனரேட்டரிலிருந்து லைன் வருகிறது என்றால் யூபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துபோகும். ஜெனரேட்டரின் ஃப்ரீக்வென்சி 50இல் நிற்காது என்பதால். சென்ஸிட்டிவிட்டியைக் குறைத்து வைக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும்.

பயாஸில் ஒரு சின்ன மாற்றம். கரண்ட் திரும்பி வந்ததும் தானே ஆன் ஆகும்படி வைத்திருப்பீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் ஒரு நிமிடத்தில் மூன்று தடவை போய் வரும். ஒவ்வொரு தடவையும் நாலு மோட்டாரும் கிளம்பி நிற்கிறது, அதுவும் வோல்டேஜ் நிலைக்காத நேரத்தில். அந்த அமைப்பை அணைத்துவிட்டு, கரண்ட் நிலைத்த பிறகு நீங்களே ஆன் பண்ணுங்கள். ஊரில் இல்லாத நாட்களில் எதற்கு சர்வர் ஓட வேண்டும்?

கையில் இருப்பது ஐயாயிரத்துச் சொச்சம்தான் என்றால், முதலில் எர்த்தைச் சரி செய்து ஒரு நல்ல 450 பிரான்ஸ் வாங்குங்கள். அடுத்த சீசன் பணம் வந்ததும் யூபிஎஸ், அதற்கப்புறம் வோல்டேஜ் புரொடெக்டர். கோல்டு வாங்கி யூபிஎஸ் இல்லாமல் இருப்பதை விட இந்த வரிசை நல்லது. கல்யாண வீடியோவின் இன்னொரு பிரதி, தனி டிஸ்க்கில், பிளக்கில் மாட்டாமல் பீரோவில் இருக்க வேண்டும். அது எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே எடுங்கள்.

பெட்டியை மாற்றிய அன்று ட்ரூநாஸில் ஒரு ஸ்க்ரப், அதாவது எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓட்டுங்கள், 8 டிபி என்பதால் ஒரு ராத்திரி ஆகலாம். அதற்கு முன்னும் பின்னும் அந்த 12, 192, 199 எண்களைக் குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை என்ன ஆயிற்று என்று திறந்து பார்க்க ஆசை வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலேகூட நிற்கக்கூடும், திறக்காமல் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள்.